எட்டுப் பல் பினியனும் டிரைவரம்மாவின் காலும்

மலைமேல் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுகிறவளை எல்லாரும் டிரைவரம்மா என்பார்கள். நர்ஸ் அப்படித்தான் கூப்பிடுவாள், டாக்டரும் அப்படித்தான். வீட்டில் கணவர் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து, "டிரைவரம்மா, டீ ஆறுது" என்று சொன்னால் அன்றைக்கு அவர் குஷியாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட விதமே வேடிக்கையானது. கல்யாணமான புதிதில் ஒரு வாடகை வேன் கம்பெனியில் வண்டி கழுவும் வேலைக்குப் போனாள். கழுவுவதற்கு வண்டிகளை ஒவ்வொன்றாகக் குழாயடிக்கு நகர்த்த வேண்டும். டிரைவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள். யாரிடம் போய்க் கெஞ்சுவது? தானே ஏறி உட்கார்ந்து நகர்த்த ஆரம்பித்தாள். நெருக்கமான கொட்டகை. இந்தப் பக்கம் ஒரு வேன், அந்தப் பக்கம் ஒரு வேன், நடுவில் கை நுழையும் இடம்தான். முதல் கியர், ரிவர்ஸ், மறுபடி முதல் கியர். இரண்டாவது கியர் போட்டுப் பார்க்கவே அவளுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஆனால் கிளட்ச் மேல் அவள் கால் படிந்தது அங்கேதான். வண்டி நகர்ந்ததா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவனுக்கே சந்தேகம் வரும், அப்படி நகர்த்துவாள்.

பிறகு லைசென்ஸ், பள்ளிக்கூட வேன், கடைசியில் இந்த ஆஸ்பத்திரி வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும் பழைய டிரக். முன்னால் டாக்டரும் நர்ஸும் உட்காருவார்கள். பின்னால் மருந்துப் பெட்டிகள், ஆக்சிஜன் சிலிண்டர்கள், சில நாள் நோயாளிகள்.

ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையின் மண் எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. மிச்சம் இருந்தது பாறை மட்டும்தான். வண்டியின் அடிவயிறு கல்லில் இடித்துக்கொண்டே ஏறும். ஒருமுறை ஆயில் சட்டி விரிசல் விட்டுப் பாதை நெடுகக் கோடு போட்டுக்கொண்டே வந்தது. ஆபீஸில் யோசித்து, பெரிய டயர்களை வாங்கி மாட்டினார்கள். வண்டி நிமிர்ந்து நின்றது. நர்ஸ் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். டிரைவரம்மாவுக்கும் பெருமைதான், ஏறுவதற்கு ஒரு படி தேவைப்பட்டது என்றாலும்.

பெருமை முதல் ஏற்றம் வரைக்கும் நீடித்தது. கீழே பறக்கும் வண்டி, மலையைப் பார்த்ததும் மூச்சு வாங்கியது. இரண்டாவது கியரில் திணறும், முதல் கியரில் கத்தும். கிளட்ச் கருகும் வாடை வந்து டாக்டர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆமை வேகத்துக்கென்றே இருக்கும் லோ ரேஞ்சில் போட்டால் ஏறத்தான் செய்யும். ஆனால் மலை முழுக்க அதிலேயே உருட்டிக்கொண்டு போனால், டாக்டர் போய்ச் சேருவதற்குள் நோயாளிக்குத் தானாகவே குணமாகிவிடும்.

ஆபீஸில் வண்டிகளைக் கவனிக்கும் பொறுப்பாளர் நல்ல மனுஷர். "எஞ்சினுக்கு வயசாயிடுச்சும்மா" என்று பரிதாபப்பட்டார். அதைச் சொல்லும்போது அவர் எஞ்சினைப் பார்க்காமல் தன்னைப் பார்த்ததாக டிரைவரம்மாவுக்குத் தோன்றியது. வண்டியை நேராகத் தம்பியின் பட்டறைக்கு விட்டாள்.

தம்பி ஆக்சில் வேலைக்காரன். எஞ்சினைத் தொடமாட்டான், பெயின்ட் அடிக்கமாட்டான். வண்டிக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தொங்கும் அந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் அவன் உலகம். வண்டியைச் சுற்றி வந்தான், டயரை எட்டி உதைத்தான், சிரித்தான்.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. டயரைப் பெரிசாக்கினவங்க, உள்ள இருக்கிற பல்லை மாத்த மறந்துட்டாங்க."

"புரியிற மாதிரி சொல்லுடா."

"சின்ன டயர் ஒரு சுத்து சுத்தினா இவ்வளவு தூரம் போகும். இது அதே ஒரு சுத்துல இன்னும் கொஞ்சம் கூடப் போகுது. அந்தக் கூடுதல் தூரத்தை யாரு தள்ளுறது? எஞ்சின்தான். நீ எந்த கியர்ல போட்டாலும் அரை கியர் மேல இருக்கிற மாதிரி."

ஆக்சிலுக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சின்னது பினியன், பெரியது கிரவுன். பழைய கணக்கில் பினியன் மூணே முக்காலுக்கு மேல், கிட்டத்தட்ட நாலு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. தம்பியின் பாஷையில் ரேஷியோ மூணு புள்ளி ஒன்பது. டயரின் உயரம் எட்டில் ஒரு பங்கு கூடியிருப்பதால் இந்த எண்ணையும் அதே அளவு கூட்டினால் பழைய இழுவை திரும்பிவிடும்.

"நாலு புள்ளி நாலு வருது. கடையில கிடைக்கிறது நாலு புள்ளி மூணு, இல்லேன்னா நாலு புள்ளி எட்டெட்டு. நாலு புள்ளி மூணே போட்டுடலாம். கணக்குக்குப் பக்கத்துல இருக்கு."

"எட்டெட்டு போடு" என்றாள் டிரைவரம்மா.

தம்பி துணியில் கையைத் துடைத்தான். "அக்கா, அது ஏறும், நான் இல்லைங்கல. ஆனா ரோட்டுல எஞ்சின் அலறும். டீசல் குடிக்கும். பஸ்ஸெல்லாம் உன்னைத் தாண்டிப் போகும்."

"போகட்டுமே. நான் என்ன ரேஸுக்கா போறேன்?"

"இன்னொண்ணு இருக்கு." அலமாரியிலிருந்து இரண்டு பினியன்களை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒன்று கொழுத்தது, பத்துப் பல். இன்னொன்று ஒல்லி, எட்டுப் பல். "ரேஷியோ ஏற ஏறப் பினியன் சிறுத்துடும். கல்லுல சக்கரம் மாட்டி, யாராவது கிளட்சைப் படார்னு விட்டா, இந்தப் பல்லு பொலபொலன்னு கொட்டிடும். முன்னாடி ஆக்சில், பின்னாடி ஆக்சில் ரெண்டுலயும் ஒரே ரேஷியோதான் போடணும். ஒண்ணு போச்சுன்னா மொத்தமும் படுத்துடும்."

"யாராவது விட்டாத்தானே? நான் விடமாட்டேன்."

"எல்லா டிரைவரும் இதைத்தான் சொல்றாங்க."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். சாவியை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "வண்டியில ஏறு. உன் கணக்குல எங்க மலை வரலை. வந்து பார்த்துட்டுச் சொல்லு."

பட்டறையை அப்படியே போட்டுவிட்டு அவன் ஏறினான். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய சிலிண்டர்கள் பின்னால் இருந்தன. தார் ரோடு சீக்கிரமே முடிந்துவிட்டது. தம்பி பயமுறுத்திய பஸ்களில் ஒன்றே ஒன்றுதான் அவர்களைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு பாறைதான். மடக்கு வளைவுகளில் முழுச் சுமையோடு இரண்டாவது கியர் செத்தது, முதல் கியர் அலறியது. ஓடைக்கு இறங்கும் இடத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் விட்டுவிட, பிரேக்கிலேயே இறங்க வேண்டியிருந்தது. தம்பி ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஆனால் பாதி வழிக்குப் பிறகு அவன் பாதையைப் பார்க்கவில்லை. அக்காவின் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு பாறையில் முன்சக்கரம் சிக்கி வண்டி நின்றது. மற்றவர்கள் ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளட்சை எடுக்கும் இடம் அது. அவள் அப்படிச் செய்யவில்லை. பின்னால் நகரவிட்டு, ஸ்டியரிங்கைச் சற்றே ஒடித்து, காலை மெல்ல மெல்ல எடுத்தாள். சக்கரம் பாறைமேல் ஏறி உட்கார்ந்து இறங்கியது. சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மேலே ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் தம்பி தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"எட்டெட்டே போடுறேன். உடைஞ்சா என் பட்டறைப் பேரைச் சொல்லாதே."

"உடைஞ்சா என் காலைச் சொல்லு" என்றாள் அவள்.

பொறுப்பாளர் சம்மதித்தார். புது எஞ்சின் செலவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். தம்பி இரண்டு ஆக்சிலையும் பிரித்துப் போட்டான். பல்லும் பல்லும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிப் பார்ப்பான். பசை பல்லின் ஓரத்தில் ஒட்டினால் அவனுக்குத் திருப்தி வராது. பிரித்து, காகிதம்போல் மெல்லிய தகடு ஒன்றைச் சொருகி, மறுபடி பூட்டுவான். மச்சானைப் பார்க்க வந்தவர்போல டிரைவரம்மாவின் கணவரும் பட்டறைக்கு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, நான் ஒரு கோட்டுக்கே இத்தனை தடவை பிரிச்சுத் தைச்சதில்லையே."

"மாமா, உங்க கோட்டு இறுக்கமா இருந்தா பட்டன் தெறிக்கும். இது இறுக்கமா இருந்தா வண்டி நடு மலையில நிக்கும்."

கடைசியில் பசை பல்லின் நடுவில் அழகாகப் பதிந்தது. தம்பி அதை அக்காவுக்குக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் குனிந்து பார்த்துவிட்டு அவன் தோளில் தட்டினாள். அடுத்த சில நாட்கள் அவன் சொன்னபடி சுமை ஏற்றாமல், கொஞ்சம் ஓட்டி, ஆறவைத்து, மறுபடி ஓட்டினாள். புதுப் பல் பழகட்டும் என்று கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள். பிறகு ஆயிலை மாற்றிவிட்டு மலைக்கு விட்டாள். வண்டி இரண்டாவது கியரிலேயே வளைவுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு ஏறியது. டாக்டர் கர்சீப்பை எடுக்கவே இல்லை.

ரோட்டில் தம்பி சொன்னதுதான் நடந்தது. பஸ்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டினார்கள். நத்தை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இதில் ஒரு தமாஷ், ஸ்பீடோமீட்டர் இப்போது உண்மை வேகத்தைவிடக் கூடக் காட்டியது. கணவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்து, "அறுபத்தாறுல போறோம்" என்பார். "அறுபதுதாங்க" என்பாள் அவள். "இருக்கட்டுமே, கேக்க நல்லா இருக்கு."

மழை வருவதற்கு முன்னால் எக்ஸ்ரே மெஷின் வந்தது.

மலைமேல் கை கால் முறிந்தால் கீழே வந்துதான் படம் எடுக்க வேண்டும். முறிந்த எலும்போடு அந்தப் பாறைப் பாதையில் இறங்குவது முறிந்ததைவிடப் பெரிய கொடுமை. நர்ஸ் வருஷக்கணக்கில் கேட்டுக்கேட்டு ஒரு மெஷின் கிடைத்தது. பெரிய லாரி பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மெஷினோடு வந்த டெக்னீஷியன் கண்ணாடி போட்ட சாந்தமான ஆள். மரப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த வெள்ளைச் சில்லைக் காட்டினார்.

"பெட்டி ஓங்கி இடிபட்டா இது சிவப்பாயிடும்மா. சிவப்பானா மெஷினைத் திருப்பி அனுப்பிடுவாங்க. உங்களால முடியுமா? முடியலைன்னா சொல்லுங்க, தப்பில்லை. பாதை சரியாகட்டும்னு காத்திருக்கலாம்."

டிரைவரம்மா பெட்டியைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள். "நீங்க கூடவே நடந்து வாங்க. எங்க நிறுத்தணுமோ சொல்லுங்க, நிறுத்துறேன்."

பெட்டியைப் பழைய மெத்தைகளின் மேல் ஏற்றி, கணவர் தைத்துக் கொடுத்த அகலப் பட்டைகளால் நாலு பக்கமும் கட்டினார்கள். தம்பி யாரும் கூப்பிடாமலே வந்திருந்தான். அவனுடைய எட்டுப் பல் பினியன் இரண்டு அந்த வண்டிக்குள் இருந்ததே.

லோ ரேஞ்ச், முதல் கியர். டிரக் மனுஷ நடையைவிட மெதுவாக மலையில் ஏறியது. டெக்னீஷியன் ஒரு கையைப் பெட்டியின்மேல் வைத்தபடி பக்கத்திலேயே நடந்தார். தம்பி பின்னால் நடந்துகொண்டு ஆக்சிலின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். முதுகில் மூட்டையோடு வந்த ஒரு பெரியவர் அவர்களைத் தாண்டிப் போய், மேலே உட்கார்ந்து இளைப்பாறினார். வண்டி அவரை எட்டிப் பிடித்தபோது எழுந்து மறுபடி நடந்தார்.

ஓடைதான் பெரிய சோதனை. செங்குத்தாக இறங்க வேண்டும், கீழே உருண்டைக் கற்கள். டிரைவரம்மா மூன்று பெடலிலிருந்தும் காலை எடுத்துவிட்டாள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. சக்கரங்கள் ஒவ்வொரு கல்லையும் தடவிப் பார்த்து இறங்கின. எதிர்க்கரையில் ஏறும்போது ஒரு பக்கச் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டி வண்டி சாய்ந்தது. டெக்னீஷியன் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவரம்மா நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு கொட்டகையில் வேன்களை நகர்த்திய அதே கால் கிளட்சை எடுக்க ஆரம்பித்தது. எடுத்துக்கொண்டே இருந்தது. எட்டுப் பல்லும் கடித்துப் பிடித்தன. வண்டி முனகி, நிமிர்ந்து, கரையேறியது.

தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் தன் காலடியைப் பார்க்கவில்லை. ஓடைக் கல் வழுக்கி, கணுக்கால் மடங்கி, தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டான்.

மேலே போய்ச் சேர்ந்தபோது சனம் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. டெக்னீஷியன் குனிந்து சில்லைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வெள்ளை. அவர் நிமிர்ந்து டிரைவரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இருபது வருஷமா மெஷின் கொண்டுபோறேன். தார் ரோட்டுலயே சிவப்பாக்கின டிரைவருங்க இருக்காங்கம்மா."

அவள் வண்டியின் மட்கார்டில் சாய்ந்து நின்றாள். இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் இருந்த தன் காலை இன்று ஒரு மலையே பார்த்துவிட்டது என்று நினைத்தபோது, சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

மறுநாள் மெஷினைப் பூட்டி முடித்ததும், அதில் எடுத்த முதல் படம் தம்பியின் கணுக்கால். வீங்கிப் பூசணியாக இருந்தது. நர்ஸ் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். தம்பி படத்தை வாங்கி உற்றுப் பார்த்தான்.

"நல்லாப் பொருந்தியிருக்கு" என்றான், பசை வைத்துப் பார்த்தவன்போல.

கீழே இறங்கும்போது கட்டுப்போட்ட காலை டேஷ்போர்டின் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். தார் ரோட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ஒரு பஸ் பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. தம்பி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ராஜா வழி விடுவதுபோல, போ என்று காட்டினான்.

"நாலு புள்ளி மூணு போட்டிருந்தா இவனைத் தாண்டியிருக்கலாம்" என்றாள் டிரைவரம்மா, வேண்டுமென்றே.

"எதுக்கு?" என்றான் தம்பி. "அவன் என்ன எக்ஸ்ரே மெஷினா கொண்டுபோறான்?"