கப்பலுக்குக் கை காட்டியவன்

அமெரிக்க ஏரித் துறைமுகமான டுலூத்தில் தாமதமாக வருபவருக்கு ஒரே ஒரு காரணம் போதும்: "பாலத்தத் தூக்கிட்டாங்க." இரும்புத்தாதுக் கப்பல் வரும்போது பாலம் அப்படியே மேலெழும்பும்; அதன் மறுகரையிலுள்ள மணல்திட்டில் இருப்பவர்கள் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கூடமோ தேவாலயமோ பல் வைத்தியரோ அந்தக் காரணத்தை மறுத்ததில்லை.

வெர்னா காங்காஸ் மட்டும் மேலும் ஒரு கேள்வி கேட்பாள். சிறைக்குப் பதிலாக நிபந்தனையோடு வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிப்பது அவள் வேலை. நீதிபதி ஹோம்க்விஸ்ட் அறிக்கைகளை ஒதுக்கிவிட்டு, "ஒரே வார்த்தையில சொல்லுங்க வெர்னா" என்பார். அந்தச் சொல்தான் தீர்ப்பு. 'இன்ஃப்ரிஞ்ச்' என்றால் விதியின் விளிம்பில் லேசாக உரசியது, கண்டிப்போடு போய்விடும். 'வயலேட்' என்றால் மீறியேவிட்டது, கண்காணிப்பு நீளும். 'ஃப்ளௌட்' என்றால் விதியின் முகத்துக்கு நேரே ஏளனமாகச் சிரித்தது, அதற்குச் சிறைதான். கணவன் போன பிறகு வெர்னாவின் கனவுகளில் வருவதுகூட இந்தச் சொற்கள்தான், மூடுபனியில் மிதக்கும் விளக்குகள் போல.

அன்று டேல் ஓஸ்ட்பியின் முறை. சனிக்கிழமைகளில் மணல்திட்டில் தாயோடு வாழும் மகள் ப்ரின்னைப் பார்க்க அவனுக்கு அனுமதி உண்டு. ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மறுபடியும் தாமதம். சிறை என்றால் அந்தச் சனிக்கிழமைகள் போய்விடும்.

"பாலத்தத் தூக்கிட்டாங்கன்னு சொல்லிடட்டுமா மேடம்?" என்றான், நீதிமன்ற வாசலில்.

"நிஜமா தூக்குனாங்களா?"

"தூக்குனாங்க. ஆனா பாலத்து எச்சரிக்கை மணி அடிச்சதுமே ஓடியிருந்தா தாண்டியிருக்கலாம். பாப்பா கப்பலுக்குக் கை காட்டணும்னு சொன்னா. நானும் நின்னு கை காட்டிட்டேன்."

"பொய் சொல்லக்கூடவா தெரியல?"

"பழைய கார் வித்தவன் மேடம், பொய் நல்லாவே வரும். இதுல மட்டும் வரல."

உள்ளே அரசு வக்கீல் எழுந்தார். "இது மூணாவது தடவை ஐயா. சட்டத்தக் கேலி பண்றாரு. ஃப்ளௌட்."

நீதிபதி வெர்னாவைப் பார்த்தார். அவள் நாக்கின் நுனியில் 'இன்ஃப்ரிஞ்ச்' நின்றது. அதைச் சொன்னால் ஒரு குழந்தை சிரிக்கும். ஆனால் அது பொய். சன்னலுக்கு வெளியே பனியில் ஒரு சின்னக் கை அசைவது போலிருந்தது. வெர்னாவின் கண்கள் நிறைந்தன.

"வயலேட்," என்றாள். "தெரிஞ்சேதான் மீறுனாரு. ஆனா கேலி பண்ணல. கேலி பண்றவர் அதை என்கிட்ட ஒப்புக்கிட்டிருக்க மாட்டாரு."

"ஒரு வார்த்தைதானே கேட்டேன்?"

"இன்னிக்கு ஒண்ணு பத்தல ஐயா."

நீதிபதி ஒதுக்கி வைத்த அறிக்கையை இழுத்துப் புரட்டினார். பிறகு, கண்காணிப்பு இன்னும் ஆறு மாதம், இனி ஐந்து மணிக்கே வீடு என்றார். சனிக்கிழமைகள் தப்பின. டேல் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

மாலையில் வீடு திரும்பும்போது வெர்னாவின் காருக்கு முன்னாலேயே பாலம் மேலெழும்பியது. வழக்கமாக அவள் எரிச்சலில் முணுமுணுப்பாள். அன்று இறங்கி நின்றாள். பனிக்குள்ளிருந்து கப்பல் ஒரு கனவைப் போல நழுவி வந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அவளும் மெல்லக் கையசைத்தாள்.

கப்பல் நீளமாக ஊதியது.