துரையின் துத்தியும் பப்பாளிக் காம்பும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். சொல்ல வந்ததை விட்டு வேறெங்காவது போய்விடுவேன், முன்னது பின்னது மாறிப்போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். எங்கள் லயத்து ஜனங்களுக்கு, அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு, நன்றி சொல்ல வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அவர்களில் அநேகம் பேர் இப்போது இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ரப்பர் எஸ்டேட் மலாய் நாட்டில் குருணுக்கு உள்ளே, ஜெராய் மலை அடிவாரத்துப் பக்கம். ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரத் துரைமார் திரும்பி வந்த பிறகு நடந்தது இது. எனக்கு எட்டு வயதிருக்கும். பெரிய துரை ஸ்காட்லாந்துக்காரர். சாயங்காலமானால் பங்களா படிக்கட்டில் நின்றுகொண்டு ஒரு வாத்தியம் ஊதுவார். கக்கத்தில் ஒரு தோல்பை. அதிலிருந்து தோள்மேல் சாய்ந்து நிற்கிற மூன்று குழல்கள், கீழே விரல் வைக்கிற குழல் ஒன்று, வாயில் வைத்து ஊதுவதற்கு இன்னொன்று. பையில் காற்றை நிரப்பிக் கக்கத்தால் அமுக்கினால் எல்லாம் ஒன்றாகக் கத்தும். ஊரிலிருந்து வந்த பழைய ஆட்கள், "கூத்துக்குச் சுருதி ஊதுவானே, அந்தத் துத்திதான் இது. துரை அதுக்கு மூணு கொம்பு வச்சுட்டாரு" என்றார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு அது துத்தி. பிள்ளைகள் நாங்கள் 'ஆடு' என்போம்.

அப்பா நல்ல பால்வெட்டுக்காரர். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவுவதில் அவர் கைக்கு ஒரு பெயர் இருந்தது. இருமல் வந்த பிறகு மேட்டுக் காட்டில் ஏறி இறங்க அவரால் முடியவில்லை. கங்காணி பேசி, பங்களாவில் தோட்ட வேலை வாங்கிக் கொடுத்தார். புல் வெட்டுவது, பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது. அது போனால் திரும்ப மேட்டுக் காடுதான். மேட்டுக் காட்டுக்குப் போக முடியாதவனுக்கு லயத்தில் வீடு கிடையாது. இது எனக்கே தெரிந்திருந்தது.

அந்த வருடம் அப்பாமேல் எனக்கு ஒரு கோபமும் இருந்தது. அவர் தட்டில் கடைசி உருண்டைச் சோறு எப்போதும் எனக்குத்தான். அதை நிறுத்திவிட்டார். "நீ பெரிய புள்ளையாயிட்ட, தனியாச் சாப்புடு" என்றார். தம்பி தங்கை இல்லாத வீட்டில் நான் யாருக்குப் பெரிய பிள்ளை?

பக்கத்து வீடு அத்தை வீடு, அப்பாவின் அக்கா. மாமா, ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போய்த் திரும்பி வராதவர். அத்தை புல்வெட்டு வேலைக்குப் போவாள், மத்தியானத்தில் பங்களாத் துணி துவைப்பாள். வாய் அப்படிப்பட்ட வாய், கங்காணியே சுற்றிக்கொண்டு போவார். பங்களா சமையல்காரர் மிச்சம் மீதி கொடுத்தால் துரைசாணி கடித்து வைத்த கேக்காக இருந்தாலும் அத்தை ஓரம் தட்டாமல் தின்பாள். "வெள்ளைக்காரி பல்லு பட்டா இன்னும் இனிப்பா இருக்குடி" என்று எனக்கும் ஒரு துண்டு தருவாள்.

துரை அரை வருட லீவில் சீமைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது அப்பாவைக் கூப்பிட்டுத் துத்தியைக் கையில் கொடுத்தார். துரை பேசுகிற தமிழை லயத்தில் எல்லாரும் நடித்துக் காட்டுவார்கள். "நீ டெய்லி ஊது. ஊதலே, தோல் காஞ்சி செத்துப்போச்சு. நான் வந்தா அது கத்தணும்." அப்பா பாதி புரிவதற்குள்ளேயே "சரிங்க துரை" என்றுவிட்டார்.

பிறகுதான் கங்காணி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். பெரிய துரை இல்லாத நேரத்தில் பங்களாவுக்குத் தோட்டக்காரன் எதற்கு என்று அவருக்கு அடுத்த சின்ன துரை கேட்டாராம். தன் வாத்தியத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பெரிய துரை சொன்னதால்தான் அப்பா பெயர் தப்பியதாம். "அந்த ஆடு கத்துற வரைக்கும்தான் உனக்கு அங்க வேலை. பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

துரை எல்லாவற்றையும் செய்து காட்டியிருந்தார். ஊதி முடித்ததும் குழல்களைக் கழற்றிக் குச்சியில் துணி சுற்றி ஈரம் துடைக்க வேண்டும். இணைப்பு தளர்ந்தால் மெழுகு தடவிய நூலைச் சுற்ற வேண்டும். விரல் வைக்கிற குழலுக்குள் இருக்கிற சீவாளிதான் உயிர். நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரி இரண்டு மெல்லிய தட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, ஆனால் அதில் வாய் படாது. மிஞ்சிய சீவாளி இரண்டு ஒரு சிகரெட் டின்னில் இருந்தன. இன்னொரு டின்னில் தேன் மாதிரி ஒரு குழம்பு. தோல் காயாமல் இருக்க அதைப் பைக்குள் ஊற்றிப் பிசைய வேண்டும். அந்தக் குழம்புக்கு எங்கள் லயத்து எறும்புகள் முதல் நாளே வரிசை கட்டி வந்துவிட்டன. அம்மா துத்தியைக் கூரையில் தொங்கவிட்டுக் கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றினாள்.

ஊதுவதுதான் நடக்கவில்லை. பங்களாச் சாமான் கொட்டகைக்கு நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது பார்த்தேன். அப்பா வீட்டிலிருந்து எடுத்துப்போயிருந்த துத்தியின் குழலை வாயில் வைத்து ஊதினார். பை பாதிகூட எழும்பவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றார். துண்டால் வாயைத் துடைத்து, அந்தத் துண்டைப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என்னைப் பார்த்ததும், "எட்ட நில்லு, தேத்தண்ணிய அங்கயே வை" என்றார்.

நான் பார்த்ததை அப்படியே அத்தையிடம் சொன்னேன். அத்தை துணி துவைப்பதை நிறுத்திவிட்டு, அந்தத் துண்டைப் பற்றி மட்டும் இரண்டாம் தடவை கேட்டாள். அவள் எதையும் இரண்டு தடவை கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் அத்தை வீட்டு வாசலில் நெருப்பு மூட்டி, லயத்தையே கூப்பிட்டாள். துத்தி நடுவில் ஒரு முக்காலிமேல் இருந்தது.

"இந்தா பாருங்க, இந்த ஆட்டத் தினம் ஒருத்தன் ஊதி மாளாது. மூச்சு உள்ளவன் எல்லாம் ஊதுங்க. ஆனா மாட்டுக்கறி தின்னு விஸ்கி குடிக்கிற வாயி பட்ட குழலு, அதுல நம்ம வாய வைக்கறதா? சீ! ஆளுக்கொரு பப்பாளிக் காம்பு கொண்டாங்க. அதச் செருகி ஊதுங்க. ஊதின காம்பு நெருப்புக்குப் போயிரணும்."

"ஏங்க்கா, ஊதுனா துரை மாதிரி வெள்ளையாயிருவேனா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். எஸ்டேட்டிலேயே கறுப்பு அவர்தான்.

"நீ ஊதுனா துத்தி கறுத்துப்போவும்லா. பேச்சக் கொறச்சு மூச்சக் குடு."

பப்பாளிக் காம்பு உள்ளே வெறும் கூடுதானே. நுனியில் மெழுகு நூலைச் சுற்றிக் குழலில் செருகினால் காற்று ஒழுகாது. அன்றிலிருந்து லயத்தைச் சுற்றி ஒரு பப்பாளி மரமும் இலையோடு இல்லை. வேலை முடிந்து குளித்துவிட்டு ஆளாளுக்குக் காம்போடு வந்துவிடுவார்கள். ஒருவர் ஊதினால் மாடு கத்துவது போல் இருக்கும், இன்னொருவர் ஊதினால் கதவு திறப்பது போல் இருக்கும். நாய்கள் கூடவே ஊளையிடும். தஞ்சோங் டாவாய்க் கடற்கரை மீனைக் குருணில் வாங்கிச் சைக்கிளில் கொண்டுவருகிற மலாய்க்காரர் முதல் நாள் பயந்து இறங்கி, "கக்கா, காம்பிங் சாக்கிட்டா?" என்று கேட்டார், அக்கா, ஆட்டுக்கு வியாதியா என்று. "இது சாவாத காம்பிங், பாங்" என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் அத்தை. அவரும் ஒரு நாள் ஊதிப் பார்த்தார், அவருக்கும் ஒரு காம்பு.

அப்பாவின் முறை எப்போதும் கடைசி. "பொறுப்பு ஏத்துக்கிட்டவன்தான் கடைசியா ஊதி முடிச்சு வைக்கணும்" என்று அத்தை சட்டம் போட்டிருந்தாள். அவர் முறை வரும்போது பை புடைத்துக்கொண்டிருக்கும். அப்பா தன் காம்பில் லேசாக ஒரு ஊது ஊதிக் கக்கத்தால் அமுக்குவார். சத்தம் நன்றாக வரும். எல்லாரும் கைதட்டுவார்கள். "பாத்தீங்களா, எங்களுக்கெல்லாம் வராத நாதம்!" என்பார் எதிர்வீட்டுக்காரர். அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் தினம் நெருப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் ஊத ஆசை. அப்பாவுக்கு முன்னால் ஊத விடுவாள் அத்தை, பின்னால் விடமாட்டாள்.

மழைக்காலம் வந்தது. சீவாளி ஊறிப்போய் வாயடைத்துக்கொண்டது. தோல்பையில் பச்சையாய்ப் பூசணம். துரை வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஜனங்களுக்கு ஈரமான எதையும் உலர்த்த ஒரே இடம்தான் தெரியும், ரப்பர் ஷீட் காய்கிற புகைவீடு. அம்மாதான் யோசனை சொன்னாள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஷீட்டுகளுக்கு நடுவில் துத்தியைத் தொங்கவிட்டார்கள். மறுநாள் எடுத்தபோது பூசணம் போயிருந்தது. சீவாளி நுனியிலிருந்து அடிவரை பிளந்திருந்தது.

டின்னிலிருந்த புதுச் சீவாளியைப் போட்டு ஊதினார்கள். எதிர்வீட்டுக்காரர் கண் பிதுங்க ஊதினார். காற்றுகூடப் போகவில்லை. துரை ஊதிப் பழக்கினால்தான் அது இளகுமோ என்னவோ.

அப்பா அந்தச் சீவாளியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பட்டை தடிப்பா இருக்கு" என்றார். உள்ளே போய், வெட்டுக்குப் போவதை நிறுத்திய பிறகும் எண்ணெய் போட்டு வைத்திருந்த பால்கத்தியை எடுத்து வந்தார். தீட்டினார். கத்தி ஓரத்தால் தட்டையைச் சுரண்டினார், மாவு மாதிரி உதிர்ந்தது. அத்தை ஊதிப் பார்த்தாள். வாத்து போல ஒரு தடவை கத்திவிட்டு அடங்கிவிட்டது. அதிகம் சீவிவிட்டார்.

இனி ஒன்றுதான் மிச்சம். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "வேணாங்க. தொரை வந்தே பாத்துக்கட்டும்."

"தொரை வந்து பாக்குறப்ப நான் இருக்கணுமே" என்றார் அப்பா. வேலையில் இருப்பதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இந்தத் தடவை மெல்ல மெல்லச் சுரண்டினார். ஒரு தரம் சுரண்டுவார், அத்தை ஊதுவாள், காதைச் சாய்த்துக் கேட்பார். மறுபடி சுரண்டுவார். கடைசியில் அத்தை ஊதியபோது, துரை ஊதுகிற அதே சத்தம், நடுங்காமல், லயம் தாண்டிப் போனது. நாய்கள்கூட அன்று சும்மா இருந்தன.

துரை வந்தார். பங்களா வாசலில் நாங்கள் எல்லாரும் எட்டி நின்று பார்த்தோம். ஊதினார். கத்தியது. ஊதிக்கொண்டே இருந்தவர் நிறுத்தி, பையை மோந்து பார்த்தார். "என்னா இது? ஸ்மோக் ஹவுஸ் வாசம்!" ஊதுகிற குழலின் முனையைக் குடைந்து, காய்ந்த காம்புத் துண்டு ஒன்றை எடுத்தார். "இது என்னா? யார் ஊதுனா?"

"லயமே ஊதுச்சுங்க துரை" என்றார் அப்பா.

துரை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் கூடச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது, நிற்கவே இல்லை. துரை சிரிப்பை நிறுத்தினார். அப்பாவையும் கையிலிருந்த குழலையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மனிதனையா ஊதச் சொன்னோம் என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். க்ஷயத்துக்குப் புது ஊசி மருந்து வந்திருந்த சமயம் அது. அவர் திரும்பி வரும்வரை வீடு எங்களுக்கே என்று துரை சொல்லிவிட்டார், தோட்ட வேலையும் அவருக்காகக் காத்திருந்தது. எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரசர் வந்து லயத்தில் எல்லார் நெஞ்சிலும் குழாய் வைத்துப் பார்த்தார். யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பா தேறி வந்து, என் கல்யாணத்தைப் பார்த்து, அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார்.

ரொம்ப வருடம் கழித்து, அத்தை கிழவியாகி என் வீட்டில் இருந்தபோது, என் மகன் பாதி கடித்துப் போட்ட கேக்கை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்குத் துரைசாணி கேக் ஞாபகம் வந்தது. கையில் இருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு நின்றேன். அந்த வாய்க்குத் துரை வீட்டு எச்சில் எந்தக் காலத்தில் எச்சிலாக இருந்தது? கடைசி முறை, ஆளுக்கொரு காம்பு, அப்பாவுக்குப் பின்னால் என்னை ஊத விடாதது, எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தது. லயத்தில் எல்லாரும் அப்பாவின் வியாதி தெரிந்தேதான் துரையைத் திட்டிச் சிரித்திருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு தடவையும் வாய் தவறவில்லை.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். அந்த டின்னில் இருந்தது தேனா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. துத்தியைப் பற்றித் தெரிந்தவர்கள் திருத்துங்கள். அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யாராவது இன்னும் இருந்தால் ஒன்றை மட்டும் எனக்குச் சரிபார்த்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் காம்பையெல்லாம் அத்தைதான் வாங்கி நெருப்பில் போடுவாள். அப்பா மட்டும், அவள் கை நீட்டுவதற்கு முன்பே, தன் காம்பைத் தானே நெருப்பில் போட்டுவிட்டு, அது முழுக்க எரிகிறவரை பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்படித்தான் ஞாபகம். நீங்களும் பார்த்தீர்களா?