காசிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வலை வீசிப் பிழைக்கும் கலியன், அறுபது வயது வரை சென்னையைத் தாண்டியதில்லை. போன பங்குனியில் இமயமலைச் சரிவில் இருக்கும் கர்சியாங் என்ற தேயிலை ஊருக்குப் போய்வந்தார். குப்பத்தில் அவர் வீட்டைத் தவிர இது யாருக்கும் தெரியாது. அவர் காசிக்குப் போய் வந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் மகள் ரம்யா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கேயே வேலை செய்த ராபின் என்ற டார்ஜிலிங் மலைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவர் ஊரான கர்சியாங்குக்கே போய்விட்டாள். ஊர் கூடியது. பெண்ணைத் தலைமுழுகு, இல்லாவிட்டால் உன் பாடு போய்விடும் என்றது. பாடு என்பது ஏரியில் இறால் ஓடும் இடத்தில் வலை கட்டும் முறை. சீட்டுக் குலுக்கி, குடும்பத்துக்கு இன்ன நாள் என்று ஊர்தான் பிரித்துக் கொடுக்கும். ஆலைக் கழிவு கலந்து இறால் அருகிவிட்டது. பாட்டின் பேரால் ஊர் செய்யும் அதிகாரம் மட்டும் ஒரு கூடை குறையவில்லை. கலியனுக்கு ஒரு மகனும் இருந்தான்; பாடு போனால் அவனுக்கும் பிழைப்பில்லை. ஊர் பார்க்க ஏரியில் மூழ்கி எழுந்தார்; உயிரோடிருந்த பெண் செத்தவளானாள்.

மனைவி திலகவதிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டன. இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"எம்பொண்ண ஒருக்கா பாக்கணும். நீ போய்க் கையோட கூட்டிக்கினு வா."

"ஊர் கேட்டா?"

"கேக்கட்டும். உன் பாடும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்."

சரி என்றுதான் கிளம்பினார். டீக்கடையில் ஊர்ப் பெரியவர் துளசிராமன் மறித்தார். "இன்னா கலியா, பையும் கையுமா எங்க?"

"காசிக்குண்ணா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஊரே குளிர்ந்துபோனது. என் பேருக்கு ஒரு முழுக்குப் போடு, எனக்கு ஒரு பாட்டில் கங்கைத் தண்ணீர் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "காசில புடிச்சதை எதுனா வுட்டுட்டு வரணுமாமே, இறால வுட்டுடாதடா. அப்பால உன் பாட்ட நாங்க எட்த்துக்குவோம்," என்று துளசிராமன் சிரித்தார். கல்லைப் பார்க்கப் போகிறவனுக்குப் பேருந்து வரை வழித்துணை வந்தார்கள். பெற்ற பெண்ணைப் பார்க்கப் போகிறேன் என்றிருந்தால் இதே ஆட்கள் அபராதம் போட்டிருப்பார்கள்.

ரயிலைவிட்டு இறங்கி, ஜீப்பில் ஏறி, மூடுபனிக்குள் ராபின் வீட்டார் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வாழ்நாளெல்லாம் தண்ணீரின் சமதளத்தையே பார்த்த கண்ணுக்கு அந்தச் சரிவு பயமாக இருந்தது. தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினார். எதிரே ரம்யா இறங்கி வந்தாள். முதுகில் கூடை, அதன் பட்டை நெற்றியை அழுத்திச் சிவந்த தடம்.

"இன்னா நைனா, தோணி தள்ற ஆளுக்கு இப்டி மூச்சு வாங்குது?" என்று சிரித்து, அப்படியே அழுதாள்.

தோட்டம் கொடுத்த தகர வீடு. அவர் வரும் சேதி கிடைத்து, வாசலருகே ஒரு பை கட்டி வைத்திருந்தார்கள். "லீவு சொல்லிட்டேன் மாமா. டிக்கெட் போட்டாச்சு," என்றார் ராபின், சிப்காட்டில் கற்ற தமிழில். அம்மாவுக்கென்று வாங்கிய சால்வையையும் ஒரு பொட்டலம் தேயிலையையும் ரம்யா எடுத்துக் காட்டினாள்.

அப்போது கலியனின் போன் அடித்தது. துளசிராமன். அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும்.

"கலியா! கங்கைல முங்கினியா? என் பேரச் சொன்னியா?"

"சொன்னேண்ணா. முங்கிட்டேன்."

போனை வைத்ததும் ரம்யா கேட்டாள். "காசின்னு சொல்லிட்டா வந்தே?"

அவர் தலையாட்டினார்.

"காசிலேர்ந்து பொண்ணக் கூட்டிக்கினு வர முடியாதே, நைனா."

அது அவருக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. 'போனா போவுது, வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரம்யா கோபப்படவில்லை. "எங்க ஊட்லேர்ந்து ஒரு ஆளு கொழுந்து பறிக்கக் கூடை மாட்டலன்னா தோட்டத்துக்காரங்க இந்த ஊட்ட எடுத்துக்குவாங்க. அத்தைக்கு முதுகு போச்சு, அதான் நான் மாட்டிக்கினேன். உன் பாடு போயிடும்னு நீ பயப்பட்றது எனக்குப் புரியாதா?"

பையைப் பிரித்துத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தேயிலைப் பொட்டலத்தை மட்டும் அவரிடம் நீட்டினாள். "அம்மாவுக்கு இதையாவது குடு."

கலியன் கேட்டார். "காசில தேயிலை விக்குமாம்மா?"

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

உழைக்கிறவனுக்கு ஏரியும் சொந்தமில்லை, மலையும் சொந்தமில்லை. எவனோ பிடித்திருக்கும் கயிற்றில் அவன் வயிறு தொங்குகிறது. அந்தப் பயத்தை ஒருவன் பக்தி என்கிறான், ஒருவன் மானம் என்கிறான்.

திரும்பும் வழியில் ரயில் நிலையக் குழாயில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டார். குப்பத்தில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஊர் அவர் காலைக் கழுவியது. துளசிராமன் குழாய்த் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார். பெண்கள் காலில் விழுந்தார்கள்.

திலகவதியை நாற்காலியோடு தூக்கிவந்து வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கலியனைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசி ஆளும் இறங்கி, ஆட்டோ திரும்பிப் போகும் வரை பார்த்தாள்.