பக்கத்துக் காம்பராக்காரர்

தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு, கொழும்பு பஸ் பிடிக்க ஹட்டன் டவுனுக்கு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பெயரை வெட்டினால், லயம் என்னும் வரிசை வீட்டில் தோட்டம் தந்த ஒற்றை அறைக் காம்பராவும் போய்விடும். என் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவர் அடுத்த காம்பராக்காரர். குட்டையான மனிதர், முன்பற்கள் இரண்டு இல்லை. கொழும்பு என்ற பேச்சு வந்தாலே குல்லாவைக் கழற்றி, வெயில் தன்மேலேயே அடிப்பதுபோல விசிறிக்கொள்வார். தனி ஆளுக்கு இந்தக் குளிரும் அட்டைக்கடியும் எதற்கு என்று ஒரு வருடமாக என்னிடம் சொல்லிவந்தார். அங்கே தெரிந்த கடையில் வேலை இருப்பதாகவும் சொன்னார்.

பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாகப் பையைத் தந்தார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க காம்பராவ என் மூத்தவனுக்குக் கேட்டிருந்தேன். தோட்டத்துத் தொர நேத்து சரின்னுட்டாரு. கல்யாணம் வச்சிருக்கோம். ஒம்பது பேரு ஒரே காம்பராவுல எப்புடிங்க படுக்குறது?"

"அப்ப அந்தக் கட வேல?"

"எனக்கு எந்தக் கடையத் தெரியும்? நான் ஹட்டனத் தாண்டுனதே இல்லீங்க."

"நேராக் கேட்டிருக்கலாமே அண்ணே."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. கொடுத்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பைக்குள் அவர் வீட்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருந்தன. கோபத்தோடுதான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கொழும்பில் ஒரு பேக்கரியில் மாவு பிசையும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ஊர் விலாசம் கேட்டார். அந்தக் காம்பரா நம்பரைத்தான் சொன்னேன். வேறு விலாசம் எனக்கு இல்லை.