உதறாத தூசி

மகாராஜா ஆண்ட காலம். மைசூர் மண்டி மொஹல்லாவில் நான் மளிகைக்கடை வைத்திருந்தேன். வாரம் தவறாமல் ஒரு கிறிஸ்தவ உபதேசியார் வந்து கடை கடையாக நின்று வேதம் சொல்வார். வெளுத்துப்போன கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை, செருப்பில்லாத கால். அவருக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பேசப் பேசக் காலை மாற்றி மாற்றி வைப்பார். நான் அப்போதுதான் கழுவிவிட்ட கடைப்படி முழுக்கச் செம்மண் தடம் விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் நாள் ஒரு சுவிசேஷப் புத்தகம் கொடுத்தார்.

"மிளகு மடிக்க ஆகும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி வாங்கிப் போட்டேன். சிரித்துக்கொண்டார்.

தெருவில் ஒருவரும் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஆனாலும் வந்தார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, பேச்சக் கேக்காத ஊர்ல கால் தூசிய உதறிட்டுப் போயிருங்கன்னு உங்க சாமியே சொல்லியிருக்காருல்ல? உதறிட்டுப் போறதுதானே?"

அன்றுதான் அந்தக் கால்கள் அசையாமல் நின்றன. குனிந்து பாதங்களைப் பார்த்தார்.

"உதறிட்டா, மறுபடி இங்க வர முடியாதுங்களே முதலாளி."

அடுத்த கடைக்குப் போய்விட்டார். படியைக் கழுவத் தண்ணீர் மொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. தூசி உதறுகிற வசனம் அவர் கொடுத்த சுவிசேஷத்தில் வருவது. மிளகு மடிக்க வாங்கிய புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகும் பல வாரம் வந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கவனிக்கவே இல்லையா, கவனித்ததால்தான் விடாமல் வந்தாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.