லுவோ மாஸ்டரின் ஈரல் சூடு

சீனாவின் மியன்யாங் நகரில் லுவோ தேஷெங்கிடம் கார் கற்றவர்களில் திட்டு வாங்காதவர் எவரும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. பெரிய குரல், சிவந்த கண்கள். காலையில் எழுந்தால் வாயெல்லாம் கசப்பு.

அந்த வசந்தத்தில் அவரிடம் கற்க வந்தார் வெய் யாச்சின். ஐம்பது வயது நாட்டு வைத்தியர். நோயாளியின் நாடியில் நிலைத்து நிற்கும் விரல்கள் ஸ்டியரிங்கில் தடுமாறின. மூன்றாம் நாள் வண்டியைப் பின்னால் எடுத்துக் கம்பத்தில் இடித்தார்.

"அந்தக் கம்பம் பத்து வருஷமா அங்கேயேதான் நிக்குது, டாக்டரம்மா! அதுவா வந்து மோதல!"

வைத்தியர் எஞ்சினை அணைத்துவிட்டு லுவோவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன பண்றீங்க?"

"பேசாதீங்க மாஸ்டர். நாக்கை நீட்டுங்க."

லுவோ திகைத்துப்போய் நீட்டினார். பின் சீட்டில் இருந்த இரண்டு மாணவிகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

"நாடி வில்லு நாண் மாதிரி விறைச்சிருக்கு. நாக்கோரம் செவந்து கிடக்கு. ஈரல்ல சூடு ஏறிடுச்சு. எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"மாஜாங் ஆட்டம் முடிய ராத்திரி ஒரு மணி ஆயிடும்."

"பதினோரு மணிக்குள்ள படுங்க. சாராயம் வேண்டாம். செவ்வந்திப் பூ ஊறவச்ச வெந்நீர் குடிங்க, கீரை நிறைய சாப்பிடுங்க. கோபம் வந்தா 'ஷ்யூ'ன்னு நீளமா மூச்சு விடுங்க. மிளகாயைக் குறைங்க."

"மிளகாயையா? நான் சிச்சுவான்காரன்மா! மிளகாய் இல்லாம எங்களுக்குச் சோறே இறங்காது!"

"உங்க ஈரலுக்கு அது தெரியாது."

விஷயம் லுவோவின் மனைவி ஹுய்லான் காதுக்கு எட்டியது. மறுநாளே லுவோவின் பிளாஸ்கில் செவ்வந்திப் பூ மிதந்தது.

"என்னப்பா, பூக்கடை வச்சிட்டியா?" என்று சக மாஸ்டர்கள் கேலி செய்தார்கள். மாணவர்கள்தான் நடுங்கிப்போனார்கள். யாராவது தப்பாகத் திருப்பினால், லுவோ கண்ணை மூடி "ஷ்யூ..." என்பார்.

"மாஸ்டர், திட்டித் தொலைச்சிடுங்களேன். இது ரொம்பப் பயமா இருக்கு!" என்றாள் ஒருத்தி, அழாக்குறையாக.

முதல் வாரம் உப்புச்சப்பில்லாமல் கழிந்தது. ஆனால் ஒன்றரை மாதத்தில் வாய்க்கசப்பு போயிற்று, கண்ணும் தெளிந்தது. மாஜாங்கை ஞாயிறு மதியத்துக்கு மாற்றிக்கொண்டார். அதிலும் தோற்றார், ஆனால் மேசையைத் தட்டவில்லை.

வைத்தியர் ஓட்டுநர் தேர்வில் இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் தேறினார். அந்தச் சந்தோஷத்தில் லுவோவையும் ஹுய்லானையும் தன் காரிலேயே ஆற்றங்கரைக்குச் சாப்பிட அழைத்துப் போனார். வேகம் முப்பதைத் தாண்டவில்லை. சைக்கிள்காரன்கூட முந்திப் போனான். லுவோ ஜன்னலை இறக்கிவிட்டு, ஆற்றுக் காற்று முகத்தில் பட, ஒரு 'ஷ்யூ'கூடத் தேவைப்படாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.