பாலன் குடிலுக்குள் ஒரு சுவிச்

அந்த நத்தார்க் காலத்தில் எனக்கு யார்மேலும் நம்பிக்கை இருக்கவில்லை. இயேசு பிறப்புக்காக வீட்டில் நாங்கள் கட்டிய குடிலின் பற்றரியை யாரோ கழற்றிக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து அக்கா வெளியே வந்தபின் வந்த முதல் நத்தார் அது. நாங்கள் முன்னரே இடம்பெயர்ந்து கண்டக்குழிக்கு வந்துவிட்டோம். அக்கா மட்டும் வன்னியில் அகப்பட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் நத்தார் காலைப் பூசை முடிந்து வந்து, குடிலின் தீவனத்தொட்டியில் பாலன் இயேசுவின் சுரூபத்தைக் கிடத்துவது மூத்த பிள்ளை. அவள் இல்லாத வருடங்களில் அம்மா தொட்டியை வெறுமையாகவே விட்டிருந்தார். பாலன் அலுமாரிக்குள் கிடந்தார். "இந்தமுறை என்ர பிள்ளை வைப்பாள்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அதற்காகத்தான் நான் மினக்கெட்டேன். பழுதான விளையாட்டுச் சாமான்களைப் பிரித்து, மினுங்கும் பல்புகளும் சத்தம் போடும் பெட்டிகளும் செய்வது என் பைத்தியம். தொட்டி வைக்கோலுக்கு அடியில் ஒரு சுவிச் வைத்தேன். பாலனைக் கிடத்தினால் பாரத்தில் அது அமரும். நட்சத்திரம் ஓடி ஓடி எரியும், ஆட்டுக்குட்டி கத்தும். அக்கா திகைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் பற்றரி நிலத்தில் கிடந்தது. பூட்டினேன். அடுத்த நாளும் நிலத்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு முஸ்லிம் நானாமேல்தான் சந்தேகம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து குடிலைச் சுற்றிப் பார்ப்பார். "என்ன தம்பி, வயரெல்லாம் ஓடுது? ஒங்கட அக்கா காட்டித் தந்தாவா?" என்று ஒருநாள் கேட்டார். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! சில நாட்களுக்கு முன்னர்தான் மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இருவர் வந்து, அக்கா வன்னியில் இயக்கத்துக்கு என்ன வேலை செய்தாள் என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். "தையல்" என்று அம்மா சொல்லியிருந்தார்.

"அந்தாளை உள்ளுக்கு விடாதேங்கோ அம்மா" என்றேன்.

"வாயை மூடு. நாங்கள் வந்திறங்கேக்கை கஞ்சி தந்தது ஆர்? அந்தாள்தான்."

நத்தாருக்கு முதல்நாள் வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். இம்முறை வயரே வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய முனைகளைத் தனித்தனியே டேப்பால் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல் எதிர்ப்பக்கமாக மடக்கி விட்டிருந்தார்கள். குழப்படிக்குச் செய்கிறவன் இவ்வளவு பக்குவமாகச் செய்வானா? நானா கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. நேரே குசினிக்குப் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்கள்தானோ?"

"ஓம்." தலை நிமிரவில்லை. "பாரம் வைச்சா அமர்ற சுவிச் உது. ஆர் வைச்சது?"

"நான்தான். ஐயோ, அது வெடியில்லை அக்கா. ஆட்டுக்குட்டி. மே எண்டு கத்தும்."

"அம்மா அதுக்கு முன்னாலதானே முழந்தாளிலை நிக்கிறவ" என்றாள்.

தையல் என்று அம்மா சொன்னது உண்மையா என்று கேட்க வாய் உன்னியது. "கழட்டி எறியிறன்" என்றுதான் சொன்னேன்.

"வேண்டாம். அம்மா ஆசையோட இருக்கிறா. பூட்டு, நான் பாக்கிறன்."

பூட்டினேன். ஒவ்வொரு வயரையும் அவள் பார்த்தாள்.

காலையில் பூசை முடிந்து வந்ததும் அம்மா அலுமாரியைத் திறந்து பாலனை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். நானாவும் பார்க்க வந்து வாசலில் நின்றார். அக்கா முழந்தாளிட்டாள். வைக்கோலை விலக்கி, தொட்டிக்கு அடியில் விரலால் மெல்லத் தடவினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "எல்லாரும் வெளியில போங்கோ. சுவருக்கு அங்கால."

"ஏன் பிள்ளை..." என்று அம்மா இழுத்தார்.

"வாங்க" என்று நானா அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

செய்தது நான். அதற்குள் ஆட்டுக்குட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். என்றாலும் நானும் வெளியே போய், சுவரோடு ஒட்டிக் குந்தி, காதைப் பொத்திக்கொண்டேன்.

பொத்திய காதுக்குள்ளும் கேட்டது. மே!

"வைச்சிட்டாள்!" என்று கத்திக்கொண்டு அம்மா உள்ளே ஓடினார். நான் காதிலிருந்து கையை எடுக்காமல் அங்கேயே குந்தியிருந்தேன்.